கட்டம் கட்டமாக வந்த மெயில்

விளாங்குடியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். ராபியாம்மா வாராவாரம் வருவார். பர்மாவில் பள்ளிக்கூடம் படித்து, பிறகு மதுரைக்கு வந்தவர். ரங்கூனிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பி, இனிமேல் மெயில் அனுப்புவதாகப் போனில் சொல்லியிருந்தாராம்.

மெயில் வரத்தான் செய்தது. திறந்தால் எழுத்தே இருக்காது. வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

"வைரஸ்மா, குப்பை" என்று அடியோடு அழித்துவிடுவேன்.

"என் தம்பி பேரு இங்கிலீஷ்ல இருக்கே?"

"தெரிஞ்ச பேரைப் போட்டுத்தாம்மா அனுப்புவாய்ங்க. ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது."

ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தமிழ் மெயில் கிறுக்கலாக வந்தது. ஃபாண்ட் இறக்கிப் போட்டு உடனே சரிசெய்தேன். ராபியாம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதே மாதிரி எனக்கும் போட்டுப் பாருங்களேன் தம்பி."

எரிச்சலோடுதான் பர்மிய ஃபாண்டைத் தேடிப் போட்டேன். அன்று வந்திருந்த மெயிலில் கட்டங்கள் மறைந்து, வட்ட வட்டமாக எழுத்துகள் வந்து நின்றன. அவர் உதடு அசைய, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"இம்புட்டு எழுதியும் ஏன் பதிலே இல்ல, எம்மேல கோவமா அக்கான்னு கேக்குறான். பழசையெல்லாம் எடுங்க தம்பி, படிக்கணும்."

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன்மா."

அவர் கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "சரி, இங்கிலீஷ்ல பதில் போடுங்க. கம்ப்யூட்டர் ரிப்பேரா இருந்துச்சுன்னு எழுதுங்க."

அப்படியே அடித்து அனுப்பினேன். தமிழுக்கு ஓடி ஓடி ஃபாண்ட் தேடிய எனக்கு, அவர் படித்த மொழிக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாளும் ரிப்பேர் ஆனதில்லை.