மூன்றாம் மாடியில் இரண்டு புகை

எங்கள் கட்டடத்தில் பீடிக்குத் தடை போட்ட மீட்டிங்கில் தடைக்கு எதிராகப் பேசிய ஒரே ஆள் நான்தான். கைதட்டல் வாங்கிய ஒரே ஆளும் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் பழைய வீடுகளை இடித்துவிட்டு ஏழு மாடி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு மூன்றாம் மாடி. வீட்டுக்குள் பீடி பற்றவைக்க என் மனைவி விடமாட்டாள். அதனால் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அங்கே உட்கார்ந்து குடிப்பேன். சொசைட்டி செக்ரட்டரி நான்காம் மாடிப் பெண், ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். அவள் மாமியாருக்கு ஆஸ்துமா. என் புகை நேராக மேலே ஏறி அந்த அம்மாளின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்பது புகார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லாரும் வந்த பிறகு, கீழ்ப் பாசேஜில் மீட்டிங் போட்டார்கள்.

“அங்கிள், உங்க மேல எனக்கு ஒண்ணும் குஸ்ஸா, கோவம் இல்ல. பப்ளிக் இடத்துல ஸ்மோக் பண்ணக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. உங்க வீட்டுக்குள்ள என்ன வேணா பண்ணிக்கோங்க,” என்றாள் செக்ரட்டரி.

“வீட்டுக்குள்ளயும் கூடாது!” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். என் மனைவிதான். அத்தனை பேர் நடுவில் கட்டின புருஷனைக் கவிழ்த்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். துணியில் தீப்பொறி விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பீடிக்கும் கேட்டுக்கு வெளியே போய் நின்றவன். துணிக்கு அடங்கினவன் அன்றைக்கு மனுஷருக்கு அடங்க மாட்டேன் என்று எழுந்து நின்றேன்.

“எனக்கு எழுவத்தொண்ணு ஆவுது. இனிமே இத விட்டு என்னத்தக் கிழிக்கப் போறேன்? இருக்கப்போறது நாலு நாளு. நிம்மதியா இருந்துட்டுப் போறேன். ஒங்களுக்கு என்ன நஷ்டம்?”

வயசாளிகள் பலமாகக் கைதட்டினார்கள். அப்புறம் அவர்களே தடைக்குக் கையும் தூக்கினார்கள். லிஃப்ட் பக்கத்தில் மராத்தியிலும் தமிழிலும் போர்டு வந்தது, என் நாற்காலி போனது. ஒவ்வொரு பீடிக்கும் இறங்கி, ரோட்டோரம் நின்று குடித்துவிட்டு ஏறினேன். லிஃப்ட் ஓடாத நாளில் இரண்டாம் மாடிக்குள் நெஞ்சு விசிலடித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதே மூன்றாம் மாடியில் வாரத்துக்கு ஒரு நாள் காரமாக இன்னொரு புகை கிளம்பும். நாலு வீட்டில் இருமுவார்கள். ஆனால் ஒருத்தரும் புகார் சொன்னதில்லை. என் மனைவி மிஸ்ரி வறுக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். புகையிலையைப் பழைய தவாவில் கருக வறுத்துப் பொடித்தால் அதுதான் மிஸ்ரி. டப்பாவில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஈறில் தேய்ப்பாள். ஊர்ப்பக்கம் யாரும் கேள்விப்படாத பழக்கம். கல்யாணமாகி பம்பாய் வந்த புதிதில், குழாயடி வரிசையில் நின்ற மராத்திப் பெண்கள் பழக்கிவிட்டது. வறுத்துவிட்டால் விஷம் போய்விடும், பல் கல்லாக நிற்கும் என்பது எங்கள் சந்துப் பெண்கள் எல்லாருடைய நம்பிக்கை. நானும் நம்பினேன். அந்த இலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான், பீடிக்கட்டு வாங்கும் அதே கடையில்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் மீன்குழம்பு வாயில் எரிகிறது என்று அவள் ஒதுக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் சாப்பிடுகிற ஆள் அல்ல. பக்கத்திலிருக்கும் சயானில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

“தம்பாக்கு பழக்கம் ஏதாவது உண்டா?” என்று புகையிலையைப் பற்றி டாக்டரம்மா ஹிந்தியில் கேட்டார்.

“சீச்சீ, எனக்குக் கிடையாது. எல்லாம் இவங்களுக்குத்தான்,” என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லி என்னைக் கைகாட்டினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. பல் எதில் தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். மிஸ்ரி என்று பெருமையாகச் சொன்னாள் என் மனைவி. இந்த வயதிலும் ஒரு பல்கூட ஆடவில்லை என்று சேர்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா டார்ச்சைக் கீழே வைத்தார். “அம்மா, அதுவும் தம்பாக்குதான். வறுத்தா விஷம் எங்கயும் போகாது.”

பெரிய ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவள் டப்பாவைத் தொடவில்லை. தலைவலி என்றாள், எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தாள். நான் பயத்தில் இரண்டு மடங்கு பீடி குடித்தேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தன் நடந்துகொள்ள முடியாது, ஆனால் நடந்தது அதுதான்.

முடிவு வந்தது. இன்னும் புற்றாகவில்லை, தேய்ப்பதை நிறுத்தாவிட்டால் ஆகலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். எழுந்ததும் நேரே போய்ப் பாத்ரூம் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

“ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க? அதத் தூரப் போடு!” என்று கத்தினேன்.

அவள் பதறவே இல்லை. மூடியைத் திறந்து கையில் பிடித்தபடி சொன்னாள்: “எனக்கு அறுவத்தாறு ஆவுது. இனிமே இத விட்டு என்னத்தக் கிழிக்கப் போறேன்? இருக்கப்போறது நாலு நாளு. நிம்மதியா இருந்துட்டுப் போறேன். ஒங்களுக்கு என்ன நஷ்டம்?”

அன்றைக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்த பேச்சு. வயசைத் தவிர ஒரு வார்த்தை மாறவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். செக்ரட்டரி சொன்ன சட்டம், அவள் மாமியாரின் ஆஸ்துமா எதுவும் இங்கே உதவவில்லை. அவள் இல்லாத வீடு ஒரு நொடி கண்முன் வந்து போனது.

“எனக்கு நீ வேணும்ட்டி,” என்றேன். நாற்பத்து நாலு வருஷத்தில் சொன்னதில்லை.

அவள் டப்பாவை மூடினாள்.

“இதத்தான நான் அன்னைக்கு மீட்டிங்ல சொன்னேன். வீட்டுக்குள்ளயும் கூடாதுன்னு. ஒங்களுக்குத்தான் அது வேற மாதிரி பட்டுச்சு.”

சட்டைப் பையில் பாதிக்கட்டு பீடி இருந்தது. அவள் கையிலிருந்த டப்பாவையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, குப்பைத் தொட்டியில் இரண்டையும் போட்டேன். அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. ஏறி வரும்போது இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். அண்ணாந்து பார்த்தால் மூன்றாம் மாடிப் படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் நெஞ்சு விசிலடிப்பது அவளுக்குக் கேட்டிருக்கும். நான் ஏறி வரும்வரை அங்கேயே நின்றாள்.