அண்ணனின் நெஞ்சில் என் கை

என் அண்ணனை நான் அடித்தேன். முஷ்டியை மடக்கி, நெஞ்சில், முழுப் பலத்தோடு. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பத்தைந்து. நான் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு விவசாயம்தான் எல்லாம்.

எங்கள் அப்பா பண்ணையாளாக இருந்தவர். பண்ணையில் வாங்கிய அடியை வீட்டுக்கு வந்து அண்ணன் முதுகில் இறக்குவார். அண்ணன் என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப் போய் என் முதுகில் இறக்குவார். பிற்காலத்தில் சொந்தமாக வந்த மூன்று ஏக்கரை அப்பா எங்களுக்குச் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போனார். இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். சண்டை போட அது போதும்.

அது புரட்டாசி மாதம். சம்பா நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. கடைமடையான எங்கள் ஊருக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அன்று காலை என் முறை. எட்டு மணிக்கு நான் போனபோது என் மடை மண் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் அவர் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றார். சட்டையில்லாத உடம்பெல்லாம் வியர்த்து வழிந்தது. வானம் மூடியிருந்தது, குளிர்ந்த காற்று வேறு. அந்த வியர்வையைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“என் மொறயில நீங்க எப்படித் தண்ணி எடுக்கலாம்?”

“செத்த நேரம் விடு. திருப்பி விடுறேன். ராத்திரிலேர்ந்து நெஞ்ச கரிக்குது. வாயுன்னு நெனைக்கிறேன், சோடா குடிச்சும் போகல.”

அது சாக்கு என்றே நினைத்தேன். வாய்க்காலில் இறங்கி மடையைக் கையாலேயே பிடுங்கினேன். அவர் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் என் தோளில் ஓங்கி அடித்தார். காது வரை வலி பாய்ந்தது. கரையேறி அவர் நெஞ்சில் குத்தினேன். இன்னொன்றுக்கும் கையை ஓங்கினேன். அதற்குள் அவர் முழங்கால் மடிந்து சேற்றில் முகம் குப்புற விழுந்தார்.

“நடிக்காதடா, எந்திரி!” என்றேன். என் வாழ்நாளில் அவரை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. காலால் இடுப்பில் உதைக்கவும் செய்தேன். அவர் அசையவில்லை. புரட்டிப் போட்டேன். கண் பாதி திறந்திருந்தது. தொண்டையில் ஒருமுறை ஏதோ கரகரத்த சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண் ஒருத்தி எங்கள் ஊரில் உண்டு. அந்த நேரத்தில் வயலை ஒட்டிய கப்பி ரோட்டில் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தவள், நான் அடித்ததைப் பார்த்திருக்கிறாள். வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கழுத்தில் விரலை வைத்தாள், மூக்கருகே குனிந்தாள்.

“மூச்சு இல்ல சார். சேத்துல ஒண்ணும் பண்ண முடியாது, ரோட்டுக்குத் தூக்குங்க.”

இழுத்துக்கொண்டுதான் போனோம். அவள் என் கையைப் பிடித்து அண்ணனின் நடு நெஞ்சில் வைத்தாள்.

“அடிச்ச கையாலயே அமுக்குங்க. முழங்கை மடங்கக் கூடாது. எலும்பு ஒடஞ்சாலும் நிறுத்தாதீங்க.”

ஒரு கையால் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே, “இன்னும் வேகமா, இன்னும் ஆழமா” என்று கத்தினாள். அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்கு அடியில் மளுக்கென்று ஒன்று முறிந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவள் என் முதுகில் அறைந்தாள். “அமுக்குங்க!”

அப்போதுதான் சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்தார். அவர் கண்டது, ரோட்டில் மல்லாந்து கிடக்கும் புருஷனையும், அவர் மேல் குனிந்து நெஞ்சில் இடித்துக்கொண்டிருக்கும் என்னையும்தான். வாய்க்கால் கரையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து வந்து காம்பால் என்னை அடிக்க ஆரம்பித்தார்.

“செத்தும் விடமாட்டியாடா பாவி! கொன்னுட்டியேடா!”

“அக்கா, அவரு காப்பாத்துறாரு, விடுங்க!” என்று அந்தப் பெண் குறுக்கே விழுந்தாள். அவளுக்கும் ஒரு அடி விழுந்தது. என் மண்டை பிளந்து, ரத்தம் மூக்கு வழியாக இறங்கி அண்ணனின் மார்பில் சொட்டியது. சொட்டிய இடத்திலேயே அமுக்கினேன். கை வழுக்கியது. ஆட்கள் வந்து அண்ணியைப் பிடித்தார்கள். இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்; அந்தப் பெண் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டார்கள். எனக்குக் கை ஓய்ந்ததும் அவள் மண்டியிட்டுத் தொடர்ந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் மார்பைத் துடைத்து ஷாக் கொடுத்தார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவது முறைக்குப் பிறகு, “நாடி வந்துடுச்சு” என்றார் ஒருவர். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

நாகப்பட்டினத்தில் முதலுதவி செய்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சொன்னார்:

“ராத்திரியே அட்டாக் ஆரம்பிச்சிருக்கு. அடைப்பு உங்க கையால வந்ததில்ல. ஆனா அந்தச் சண்டை இல்லன்னா இதயம் அப்ப நின்னிருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது.”



போலீஸ்காரர் வார்டுக்கு வந்தபோது அண்ணன் மூச்சுக்கு மூச்சு முனகினார். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. “நானும் அடிச்சேன், அவனும் அடிச்சான். கேஸெல்லாம் வேணாம்,” என்றார். போலீஸ்காரர் போனதும் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“அடிச்சது போவட்டும். நடிக்காதேன்னியே. அது காதுல விழுந்துச்சுடா.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை நீட்டவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். ரொம்ப அதிகம் என்றாள். எனக்கு ஏனோ ஆத்திரம் பொங்கியது. பட்டையைப் பிய்த்து எறிந்தேன். அவள் குனிந்து எடுத்தாள். அவள் முழங்கையில் அன்று வாங்கிய அடியின் தடம் இன்னும் கறுப்பாக இருந்தது.

“போன வருஷம் உங்க அண்ணனும் இப்படித்தான் சார் எறிஞ்சாரு. மாத்திரையும் ஒரு மாசத்துல நிறுத்திட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்லன்னாரு.”

சொல்லிவிட்டு மறுபடியும் பட்டையைச் சுற்றினாள். நான் கையைக் கொடுத்தேன்.

இப்போது இருவரும் மாத்திரை சாப்பிடுகிறோம். அண்ணன் மெதுவாக நடக்கிறார், என்னோடு ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். அண்ணி இன்றுவரை பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நான் ஒதுங்கி வழி விடுகிறேன்.