பலீல் தூக்காத பந்து

கொட்டாஞ்சேனையில் ஜெட்டி யுனைட்டட் என்று ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். கிண்ணத்தைத் தூக்கியதைவிடக் கைநழுவ விட்டதுதான் அதிகம். ஜேர்சி சாக்கு நிறம். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் தொடங்கிய கழகம் அது. அந்த நிறத்தை மாற்றலாமா என்று எவனாவது வாயெடுத்தால் கூட்டம் அடிதடியில்தான் முடியும். மூட்டை இறக்க வந்தவர்களில் எல்லா இனத்து ஆட்களும் இருந்தார்கள், அதனால் டீமிலும் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் "சாக்குக்காரன்" என்று கத்தினால், இவர்கள் அதையே கைதட்டித் திருப்பிக் கத்துவார்கள்.

இந்த டீமுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் மேட்ச் அன்று பந்து நேரே மைதானத்துக்குப் போகாது. மாதா கோயில், அம்மன் கோயில், விகாரை, கடைசியாகக் கிராண்ட்பாஸ் பள்ளிவாசல் என்று நாலு வாசலுக்கும் போய்விட்டுத்தான் போகும். தன் வாசலுக்குத் தானே பந்தைக் கொண்டுபோகக் கூடாது, அடுத்தவன் வாசலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மாதா கோயிலுக்குக் கொண்டுபோகிறவர் பலீல். பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகிறவர் வலன்ரைன்.

இது எண்பத்து மூன்றில் வந்த வழக்கம். அப்போது கோல் காத்தவர் பொன்னம்பலம். கலவரத்தில் முகாமுக்குப் போய், பிறகு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். பதினேழு வயதுப் பலீலும் அதே வயது வலன்ரைனும் நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பந்தைக் கொண்டுபோய் அந்த வாசலில் வைத்தார்கள். "அண்ணன், நீங்க வெளிய வந்து உதைச்சாத்தான் இந்தப் பந்து நகரும்" என்றார் வலன்ரைன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பொன்னம்பலம் பிறகு கனடா போய்விட்டார், அடுத்தவன் வாசலுக்குப் பந்தைக் கொண்டுபோகிற வழக்கம் மட்டும் நாலு வாசலாகத் தங்கிவிட்டது.

பலீலுக்குப் பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகங்கள் விற்கிற சின்னக் கடை. கையில் எந்நேரமும் கிறீஸ் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாள் எலுமிச்சையும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு பந்தை நெஞ்சோடு அணைத்து மாதா கோயில் ரோட்டில் நடப்பார். பாதர் வாசலுக்கு வந்து பந்தைத் தொடுவார். மெழுகுதிரி விற்கும் அன்னபாக்கியம் அக்கா, "எங்கட பலீல் வந்திட்டார்" என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லுவார். இந்த மனிதருக்கு அதைவிட வேறு பெருமை இருக்கவில்லை. கிண்ணம் கிடக்கட்டும், அந்த ரோட்டில் நடப்பதுதான் அவருக்குக் கிண்ணம்.

பிறகு, பலீலின் மார்க்கத்தின் பேரைச் சொல்லிச் சிலர் கோயில்களில் குண்டு வெடிக்கவைத்த அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. வேறொரு கோயிலுக்குப் பூசைக்குப் போன வலன்ரைனின் தங்கை திரும்பி வரவில்லை. பலீல் மரணவீட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

அந்த வருஷம் சீசன் தொடங்குகிற நேரம், கழகச் செயலாளரான வலன்ரைன் கடைக்கு வந்து பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்தார்.

"மச்சான், கோயில் ஆக்கள் இந்த முறை உன்ன வரவேணாம்னு சொல்றாங்க. ஊரே கொதிச்சுப் போய் நிக்குது. உனக்கு ஒண்டு நடந்தா நான் தாங்கமாட்டன்."

"சரி மச்சான்" என்றார் பலீல். "நீ யோசிக்காத. வேற யாரும் தூக்கட்டும்."

வீட்டில் மனைவி அஸீஸா விடவில்லை. "அவர் சென்னாப் போல சரியா? பாதர்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"வலன்ரைன் பொய் சொல்ற ஆள் இல்ல" என்று பலீல் எரிந்து விழுந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவுமில்லை.

அந்த ஒரு வருஷம் நீண்டது. கொரோனா வந்தது, பெற்றோல் வரிசை வந்தது. விளையாடிய வருஷங்களிலெல்லாம், "ஊர் இன்னும் ஆறேல்ல மச்சான், அடுத்த வருஷம் பாப்பம்" என்ற வலன்ரைனின் பதிலும் வந்தது. பந்தைத் திலக்ஷன் என்ற இளம் ஆட்டக்காரன் தூக்கினான். பலீல் சந்தித் தேநீர்க்கடை ஓரத்தில் நின்று பந்து போவதைப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் குறுக்குவழியால் கிராண்ட்பாஸுக்கு ஓடுவார். பள்ளிவாசலில் பந்தோடு வருகிறவனுக்கு ரோஸ் சர்பத் கொடுக்கும் வேலையும் அவருடையதுதான். ஒவ்வொரு முறையும் வலன்ரைன் அவர் கையால் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போவார்.

ஊரே தன்னை வேண்டாம் என்றுவிட்டது என்று நம்பியவர் எப்படி நடப்பார்? மகள் சஹ்லாவை மாதா கோயில் ரோட்டால் போகவேண்டாம் என்று தடுத்து, வகுப்புக்குச் சுற்றுவழியால் அனுப்பினார். பெருநாளுக்கு அந்த ரோட்டு வீடுகளுக்கு அனுப்புகிற வட்டிலாப்ப இனிப்பை நிறுத்தினார். யாராவது உற்றுப் பார்த்தால் தலையைக் குனிந்தார். பிறந்து வளர்ந்த ஊரில் விருந்தாளியைப் போல ஓரமாக நடக்கப் பழகிக்கொண்டார்.

இந்த வருஷமும் மேட்ச் நாள் காலை சந்தியில் நின்றார். திலக்ஷன் பந்தோடு போய்விட்டான். தேநீர்க்கடைக்குப் பணிஸ் வாங்க வந்த அன்னபாக்கியம் அக்கா இவரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி, எங்கட வாசல் உங்களுக்கு ஆகாமப் போச்சோ? வட்டிலாப்பமும் இல்ல, ஆளும் இல்ல."

பலீலுக்கு விளங்கவில்லை. "நீங்கதானே அக்கா வரவேணாம்னு சென்னது."

"ஆர் சொன்னது? நீங்க இனி எங்கட கோயில் படி மிதிக்கமாட்டீங்களாம் எண்டு வலன்ரைன்தானே வந்து சொன்னவர். பாதர் வருஷா வருஷம் கேக்கிறார், பலீல் ஏன் வாறேல்ல எண்டு. அந்த ஞாயிறுக்குப் பிறகு நீங்க வந்திருந்தா எங்களுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்."

பலீல் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே வைத்தார். கிராண்ட்பாஸ் வரை நடந்தே போனார். கோயில் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒரே ஒருத்தன் இரண்டு பக்கமும் பொய் சொல்லியிருக்கிறான். அந்த ஒருத்தன் வலன்ரைன்.

பள்ளிவாசல் முன்னால் டீம் வந்து நின்றது. பள்ளித் தலைவர் ஹபீஸ் ஹாஜியார் பந்தைத் தொட்டார். வலன்ரைன் சிரித்துக்கொண்டே சர்பத்துக்குக் கை நீட்டினார். பலீல் கிளாஸைக் கொடுக்கவில்லை.

"அன்னபாக்கியம் அக்காவக் கண்டேன்" என்றார்.

சிரிப்பு போய்விட்டது. வலன்ரைன் குரலைத் தாழ்த்தினார். "என்னால முடியாமப் போச்சு மச்சான். கோயில் வாசல்ல உன்னத் தொப்பியோட பாக்க என்னால முடியல. உன்ட பிழை இல்லண்டு எனக்குத் தெரியும். அதத் தெரிஞ்சுகொண்டு எப்படி உன்ட மூஞ்சியப் பாத்துச் சொல்றது?"

"அத ஒன்ட பேர்ல சென்னா நான் ஒதுங்கி நின்டிருப்பேனே. ஒனக்காகச் சாகுமட்டும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன்" என்றார் பலீல். "நீ ஊர்ட பேர்லதானேடா சென்ன. ஆறு வருஷமா இந்த ஊருக்கே நான் வேணாம்னு நெனச்சிட்டு நடந்தேன். என்ட புள்ளய சுத்துவழியால அனுப்பினேன். நீ வருஷா வருஷம் இந்த வாசல்ல வந்து, என்ட கையாலயே வாங்கிக் குடிச்ச."

வலன்ரைன் பந்தை நீட்டினார். "இந்தா, அடுத்த வருஷம் நீ தூக்கு. நான் பாதர்ட்ட கதைக்கிறன்."

பலீல் பந்தைத் தொடவில்லை. டீம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. சர்பத் குடித்து முடியாமல் பந்து பள்ளிவாசலை விட்டு நகரக் கூடாது, அதுவும் வழக்கம். கிளாஸைக் கீழே போட்டு உடைத்திருந்தாலும் யாரும் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதை வலன்ரைனின் கையில் வைத்தார்.

"குடி. இது பள்ளி தாரது" என்றார். "நான் தாரதில்ல."

வலன்ரைன் குடித்தார். இந்த முறை ஒரே மூச்சில் முடியவில்லை. வெறுங்கிளாஸை நீட்டியபோது அதை வாங்கியது ஹாஜியார்தான். பலீல் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, மைதானத்துக்குப் போகாமல், மாதா கோயில் ரோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.