படித்துக் காட்டாத பத்திரம்

அந்தப் பத்திர நகலின் கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. முதல் எழுத்தின் சுழி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடும். மூன்று மாதம் படித்துப் படித்துச் சொல்லியும் அந்த இறக்கத்தை என்னால் நிமிர்த்த முடியவில்லை. எழுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், மதிய வகுப்பு முடிந்து மற்ற பெண்கள் மாட்டை அவிழ்க்கப் போன பிறகு, அக்கா அந்த நகலை என் முன்னால் விரித்தார். "இதக் கொஞ்சம் வாசிங்க டீச்சர்" என்றார். வாசித்தேன். அப்பாவின் நிலத்தில் தனக்கு உள்ள பங்கை முழு மனதோடு தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது.

அக்கா என்று சொன்னாலும் எனக்கு அவர் உறவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், என் வகுப்பில் படித்தவர். நான் தல்லாகுளத்தில் ஒரு மிஷன் பள்ளி ஆசிரியையின் மகள். கல்லூரி முடித்த கையோடு முதியோர் கல்வித் திட்டத்தில் வேலை கிடைத்தது. உசிலம்பட்டி வரை ஒரு பஸ், அங்கிருந்து எழுமலைக்கு இன்னொரு பஸ், பிறகு நடை. அக்காவின் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து கடைசிக் காலத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கியவர். புருஷனை இழந்து வந்த அக்காதான் அதில் சோளமும் மொச்சையும் போட்டுப் பாடுபட்டார். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மழை பெய்ததா என்று கேட்டு ஒரு கடிதம்கூட அவர் போட்டதில்லை.

எங்கள் வகுப்பில் அ, ஆவுக்கு முன்னால் கையெழுத்துதான் பாடம். மேலதிகாரிகளுக்குக் கைநாட்டே இல்லாத ஊர் என்று பலகை வைக்க வேண்டும். பெண்களுக்கும் அதுதான் அவசரம். "ரேகை வச்சா ஆபீசுல கையப் புடிச்சு அமுக்குறாக டீச்சர், மாட்டுக்குச் சூடு வைக்கிற மாதிரி. மொதல்ல எம் பேரச் சொல்லிக்குடுங்க" என்று அக்கா முதல் நாளே கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கையெழுத்து வந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் தொடர்ந்து வந்தார், ஆனால் எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். அப்படியிருந்தும் 'எழுதப் படிக்கக் கற்றவர்' என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்தோம். அரைக்கிணறு தாண்ட வைத்துவிட்டு ஊரைக் கூட்டிக் கைதட்டியவள் நான்.

அப்பா இறந்த பிறகு, பட்டாவை மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் தம்பி அக்காவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கைநாட்டு வைக்கிறவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்பது அங்கே வழக்கம். அக்கா பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் "பரவாயில்லையே" என்று பாராட்டினாராம். யாரும் படித்துக் காட்டவில்லை. "எம்புட்டுப் பேரு நின்னாக டீச்சர்! நானும் கேக்கல. கையெழுத்துப் போட்டுப்புட்டு எப்படி வாசிச்சுக் காட்டுன்னு கேக்குறது? வெக்கமா இருந்துச்சு" என்றார். அவர் அழவில்லை.

தல்லாகுளத்தில் எங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் அவரை அழைத்துப் போனேன். வக்கீல் நகலைப் பார்த்தார், சான்றிதழையும் பார்த்தார். "வாசிக்கத் தெரியாதுன்னு நீங்க சொல்வீங்க. தெரியும்னு இந்தச் சான்றிதழ் சொல்லுதே, இதுல யார் கையெழுத்து?" என்று கேட்டார். என் கையெழுத்துதான். வழக்கு அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது. அடுத்த மழைக்கு அந்த நிலத்தில் வேறு யாரோ ஏர் பூட்டினார்கள்.

ஊர் முகப்பில் வைத்த அந்தப் பலகையைக் காட்டித்தான் சில வருடம் கழித்து எனக்கு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மலாவி, பிறகு தான்சானியா என்று இருபத்திரண்டு வருடம். அங்கும் பெண்கள் தங்கள் பெயரைத்தான் முதலில் கேட்டார்கள். நான் தரவில்லை. வகுப்பில் ஒருத்தி குமாஸ்தாவாக உட்காருவாள். இன்னொருத்தி கையைக் கட்டிக்கொண்டு, முதலில் வாசித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்பாள். மக்காச்சோள அறுவடை முடிந்த களத்தில் சிரிப்பும் கூச்சலுமாக இதைத்தான் மாதக்கணக்கில் பழகினோம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டார்கள். இன்னும் ஒருவரும் இல்லை என்றேன். பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஓய்வு பெற்றுத் தல்லாகுளத்துக்கே திரும்பிவிட்டேன். நிறுவனம் ஒரு தொகுப்பு போடுகிறது. முதல் மாணவியைப் பற்றி எழுதுங்கள், அவருடைய சம்மதத்தையும் படிவத்தில் வாங்கி அனுப்புங்கள் என்றார்கள். இதுவரை நீங்கள் வாசித்ததை எழுதி எடுத்துக்கொண்டு போன வாரம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். அக்கா நூறு நாள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். பேனாவை வாங்கவில்லை.

"இப்ப எல்லா எடத்துலயும் ரேகைதான் டீச்சர். பேங்குலயும் அதான்."

"கையெழுத்து மறந்துருச்சாக்கா?"

"அதெப்படி மறக்கும்? ரேகைன்னாத்தான் வாசிச்சுக் காட்டுவாக. நீங்களும் வாசிங்க."

எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கடைசி வரை கேட்டார். "எல்லாம் சரிதான். நான் உங்களக் கூப்பிட்டத விட்டுட்டீகளே" என்றார்.

விட்டிருந்தேன். பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முந்தின நாள் அக்கா என்னிடம் வந்து, "நாளைக்கு எங்கூட வாரீகளா டீச்சர்? வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட இருந்தா நல்லது" என்று கேட்டார். மறுநாள் எனக்கு எந்த வேலையும் இல்லை. "உங்களுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே, நான் எதுக்குக்கா?" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதையும் அங்கேயே உட்கார்ந்து எழுதி, வாசித்துக் காட்டினேன்.

"இப்பச் சரி. எங்க வைக்கணும்?" என்று அக்கா பெருவிரலை நீட்டினார்.