பேரையூர்ப் பக்கம் ஒரு கலுங்கும் நான் குடித்த மோரும்

எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். என் தங்கை வீட்டுக்காரர் முருகேசன் ஆள் அனுப்பியிருந்தார்: "மச்சான், நெல்லு பொதி கட்டி கதிரு வர்ற நேரம். ஒரு தண்ணி இல்லைன்னா அம்புட்டும் மணி பிடிக்காம சாவிதான். உடனே வாங்க." டவுன்காரன் நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன்? ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. மதுரையில் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தேன். பேரையூர் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் நாலு ரூபாய். திருமங்கலத்தில் டீ குடிக்க இறங்கிய டிரைவரைக் காணவே காணோம். தேடிப் போய், "அண்ணே, எடுங்கண்ணே!" என்றேன். "பஸ்ஸுக்கு முன்னாடி நீங்க போய்ச் சேந்துருவீக போலயே தம்பி" என்று சிரித்தார்.

பேரையூரில் மாப்ள முருகேசன் காத்திருந்தார். விஷயம் இதுதான். மேலக்கண்மாய் நிறைந்தால், மிச்ச நீர் கலுங்கு என்கிற கல் தடுப்பைத் தாண்டி வழிந்து, கால்வாய் வழியாகக் கீழக்கண்மாய்க்கு வரவேண்டும். மாப்ளயின் வயல் கீழே, அந்தக் கால்வாய் ஓரத்தில். இந்த வருஷம் மேலே இருப்பவர்கள் கலுங்கின்மேல் மணல்மூட்டை அடுக்கிவிட்டார்கள். சொட்டு நீர் இறங்கவில்லை. நாலு கிலோமீட்டர் நடந்து நியாயம் கேட்கப் போனோம். அவர் நடந்தார், நான் ஓடினேன்.

மூட்டை அடுக்க முன்னால் நின்றவர் சடையாண்டி. அவர் வாசலில் போய் நின்றதும் அவர் மனைவி பேச்சியம்மாள் மோர்ச் செம்பை நீட்டினார். நாக்கு வறண்டிருந்தது, மடமடவென்று குடித்துவிட்டேன். மாப்ள முகம் செத்துப்போயிற்று.

"கெடுத்தீகளே மச்சான்! சண்டை தீருமுன்னே கை நனைக்கலாமா? இனி எந்த வாயால கேக்குறது?"

பேச்சியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்ல கை நனைச்ச மனுசன வெறுங்கையா அனுப்புவீகளா? வெளங்குமா நம்ம குடும்பம்?"

சடையாண்டி உறுமினார். "போன ஐப்பசியில எங்க கண்மாய்க் கரை உடையப் பாத்துச்சு. நாங்க மட்டுந்தான் மண்ணு சுமந்தோம். ஒங்களுக்குத் தண்ணி மட்டும் வேணும், கரை வேணாமா?"

"தப்புத்தாண்ணே. இனி கரைக்கு நாங்களும் வாரோம்" என்றார் மாப்ள, தரையைப் பார்த்தபடி.

சடையாண்டி எழுந்து வந்தார்; மூட்டைகள் நகர்ந்தன. தண்ணீர் பாய்ந்து ஓடும் என்று நினைத்தேன். எங்கே! காய்ந்த கால்வாய் குடித்தது போக, மிச்சத் தண்ணீர் நத்தையாக நகர்ந்தது. முன்னே போய்ப் பார்ப்பதும் திரும்பி ஓடி வருவதுமாகத் தவித்தேன். பாதி வழியில் கால்வாய்க் கரை பொத்துக்கொண்டது. கூட வந்த சடையாண்டி அந்த ஓட்டையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, "மண்ணப் போடுங்கய்யா!" என்று கத்தினார். மாப்ள வாரி வாரிப் போட்டார். பொழுது சாயத் தண்ணீர் வயலைத் தொட்டது. பாதி நெல் பிழைத்தது, மீதி கருகிவிட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தை மாசியில் போங்கள், வெயிலைத் தாங்கலாம். கால்வாய்க் கரையோடு மேலிருந்து கீழே நடந்தால்தான் ஒரு கண்மாய் இன்னொன்றை நம்பியிருப்பது புரியும். முள் அதிகம், கெட்டிச் செருப்பு முக்கியம்.

கரைக்கு வருவதாக மாப்ள சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஐப்பசி மழையில் மேலக்கண்மாய்க் கரை கசிகிறது என்று தகவல் வந்தது. அந்த நேரம் மாப்ள வீட்டுச் சுவரே சரிந்துகொண்டிருந்தது. தங்கை போகாதீக என்று கத்தியிருக்கிறாள். "கரை போனா வீடு எதுக்குடி?" என்று மண்வெட்டியோடு மேலே ஓடியிருக்கிறார் மனுஷன்.