ஆயில் ஏறிய வண்டி

நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான். பழைய வண்டி, ஆனால் அதைக் குறை சொல்பவர்களை நான் சும்மா விட்டதில்லை. ஒரு சமயம், இன்ஜினில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்க்கும்போதெல்லாம் அளவு குறையவே இல்லை. அப்புறம் கொஞ்சம் ஏறவும் செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க வண்டியெல்லாம் ஆயில் குடிக்குது, என் வண்டி கறக்குது" என்று மற்ற வேன்காரர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

ரேடியேட்டர் மட்டும், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் தண்ணீரைத் தினமும் கேட்டது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்த வெயிலுக்கு எதுதான் வற்றாது என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கொழுந்தனுக்குச் சேத்தியாத்தோப்பில் பெண் பார்த்து, நிச்சயத்துக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை அது. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊரில் எங்கள் வீட்டு வாசலில், சொந்தக்காரர்கள் தட்டுகளோடு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கம்போல் கம்பியை உருவினேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. முகர்ந்தேன், இனிப்பு வாடை. சுரீர் என்றது எனக்கு. ஏறியது ஆயிலே இல்லை, காணாமல் போன கூலண்ட்!

இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஆயில் வழுவழுப்பாக நின்றால்தான் இன்ஜின் பிழைக்கும். கூலண்ட் கலந்தால் நிற்காது. களியாகி, ஆயில் போகும் வழியையும் அடைத்துவிடும். கிராங்க் என்கிற பெரிய தண்டு சுழலும் பேரிங் தேய்ந்து, சூடேறி, மொத்தமாக ஜாம் ஆகிவிடும். அப்புறம் என் பிழைப்பும் அங்கேயே நிற்கும்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "எல்லாரும் எறங்குங்க. வண்டி வராது."

"நல்ல காரியத்துக்குக் கெளம்பிக்கினு இருக்கோம், இப்பதான் தொறந்து நோண்டுவியா?" என்று மாமியார் உள்ளிருந்தே கத்தினார்.

"போய்ட்டு வந்து பாத்துக்கலாம்மா" என்றார் கணவர்.

"ஸ்டார்ட் பண்ணா இன்ஜின் போச்சு. வேணும்னா தள்ளிக்கினு போங்க" என்றேன்.

பஸ்ஸில்தான் போனோம். கூட்டத்தில் தட்டோடு நசுங்கிக்கொண்டே மாமியார் என்னை முறைத்தார். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. என்னோடு மட்டும் அவர் பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் கடைக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனோம். ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், விட்டிருந்தது. பேரிங்கைக் கழற்றும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் கிராங்கும் போனதாகத்தான் அர்த்தம். மெக்கானிக் அதைத் துடைத்து நீட்டினார். கீறல் இருந்தது. செம்பு தெரியவில்லை! நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் கழுவி, கேஸ்கெட்டும் பேரிங்கும் மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகு சாவியைத் திருப்பினேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பட்டென்று அணைந்தது. ஆயில் ஒழுங்காகப் பாய்கிறது! அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பள்ளி விட்டுப் பிள்ளைகளெல்லாம் வீடு சேர்ந்திருந்த நேரம். ஏற்றிப் போக யாரும் இல்லை. இருந்தாலும் காலி வேனில் டவுன்ஷிப்பை ஒவ்வொரு ப்ளாக்காகச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.