எரித்ததாக எழுதிய சீட்டுகள்

நான் பொய் எழுதினேன். எங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பில், "வாக்குச்சீட்டுகள் அனைத்தும் அன்றே எரிக்கப்பட்டன" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் இட்டேன். அவை எரிக்கப்படவில்லை. கெலுகோரில் என் வீட்டு அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் இன்றும் இருக்கின்றன.

ஏன் எரிக்கவில்லை என்று கேட்பீர்கள். காசுக்காக அல்ல, பதவிக்காகவும் அல்ல. யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது... அவ்வளவுதான்! பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத பிறவி நான். என் மனைவி இருந்தவரை அதைச் சொல்லியே கேலி செய்வாள்.

பெயர் ஒத்திருந்தாலும் வேறு ஊரான, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தாசேக் கெலுகோரில் எனக்கு மூன்று ஏக்கர் செம்பனை எண்ணெய்த் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் நாற்பது பேருக்கு அப்படித் துண்டு துண்டாக நிலம். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு நிலவுடைமையாளர் சங்கம். குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் குடியிருக்கும் கெலுகோர் தீவில் இருந்தாலும் ஞாயிறு தவறாமல் பாலம் கடந்து போய்விடுவேன்.

தலைவர் ஆரோக்கியம். எத்தனை ஆண்டுகளாகத் தலைவர் என்பதை அவரே மறந்திருப்பார். கெட்டவர் அல்லர். ஆனால் தேர்தல் என்ற ஒன்றை எங்கள் சங்கம் பார்த்ததே இல்லை. "நம்ம தலைவரே இருக்கட்டும் லா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கைகள் உயரும். உடனே மீகூன் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிப்போம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல நிலங்களின் கெரான், அதாவது நிலப்பத்திரம், மனைவிமார் பெயரில் இருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களோ கணவன்மார்! தனக்கு வலது கையும் மனைவிக்கு இடது கையுமாக இரண்டையும் தூக்குவார்கள். நானும் சிரிக்காமல் எண்ணி எழுதிக்கொள்வேன்.

ஒரு நாள் எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு திருத்தங்களைக் கொண்டுவந்தேன். கெரானில் யார் பெயரோ அவரே வரவேண்டும். வாக்கு இரகசியமாக இருக்கவேண்டும்.

ஆரோக்கியம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "வரட்டும்ணே. என் வீட்டு ஓட்டு எங்கே ஓடிடப் போகுது?"

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி மேரிதான் முதல் ஆளாகச் சந்தேகம் கேட்டார்; அவர் பெயரிலும் ஒரு கெரான் இருந்தது. "யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாதுதானே அண்ணே?"

"எண்ணி முடிச்சதும் கொளுத்திடுவேன்மா, பயப்படாதீங்க" என்றேன். அதையும் விதியாகவே எழுதினோம். எவ்வளவு பெருமை எனக்கு அன்று!

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஆரோக்கியத்தை எதிர்த்துப் பார்வதி நின்றார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்பா விட்டுப்போன நிலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பெண். ஒவ்வொரு தாளின் மேல்பாதியிலும் உறுப்பினர் கையெழுத்திட, கீழ்ப்பாதியைக் கையால் கிழித்துக் கொடுத்தேன். அந்தக் கீழ்ப்பாதிதான் வாக்குச்சீட்டு.

பார்வதிக்கு இருபத்தொன்று. ஆரோக்கியத்துக்கு இருபது.

ஒரே ஒரு வாக்கு! ஆரோக்கியம் எழுந்து பார்வதிக்குக் கை கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே காரில் ஏறினார்.

எரிக்கத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன்... கையால் கிழித்த ஓரங்கள்! ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மேல்பாதியோடு பொருத்திப் பார்த்தால் எந்தச் சீட்டு யாருடையது என்று சொல்லிவிடலாம். கிழிக்கும்போதே எனக்கு இது தெரிந்திருந்ததா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பகலெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பொருத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமான பகல் எனக்கு வாய்த்து வெகு காலமாகியிருந்தது. ஆகா, இவனா! அடேயப்பா, இந்த அம்மாவா! மாலையில் மேரியின் கையெழுத்துக்குக் கீழே ஒரு சீட்டு இம்மியும் பிசகாமல் பொருந்தியது. பார்வதிக்குப் போட்ட வாக்கு.

கணவரைத் தோற்கடித்தது மனைவியின் வாக்கு. அது எனக்கு மட்டும் தெரியும்! நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தால் அல்ல. ஏன் போட்டார், ஏன் போட்டார் என்ற ஒரே கேள்வியால்.

ஆனால் ஆரோக்கியம் தன் தம்பி அந்தோணியைச் சந்தேகப்பட்டார். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு வாய்க்கால் விஷயமாக அண்ணன் தம்பிக்குள் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அது போதாதா? அந்தோணியின் நிலத்துக்கு லோரி போகும் பாதை அண்ணன் நிலத்து வழியாகத்தான். ஆரோக்கியம் அதன் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டினார்.

செம்பனைக் குலையை வெட்டினால் சுருக்காக ஆலைக்குப் போயாக வேண்டும். அந்தோணி ஒவ்வொரு குலையாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, வாய்க்கால் பலகையைக் கடந்து, சாலைவரை தள்ளினார். ஐம்பத்தெட்டு வயது, ஏற்கெனவே இடுப்பு வலி. பாதி குலைகள் மரத்தடியிலேயே அழுகின. பார்வதி போய்ப் பேசிப் பார்த்தார். பாதை கெரானில் இல்லையே, சங்கம் என்ன செய்ய முடியும்?

அந்தோணி என்னிடம் வந்தார். "அண்ணே, சத்தியமா அண்ணனுக்குத்தான் போட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவர் சொன்னது உண்மை. அவர் சீட்டையும் நான் பார்த்திருந்தேனே!

"ரகசிய ஓட்டு தம்பி... எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருப்பீர்கள் நீங்கள்? உண்மையைச் சொன்னால் மேரி மாட்டிக்கொள்வார். இனி எந்தப் பெண்ணும் நம்பி வாக்குப் போட மாட்டார். என்னை நானே இப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மேரியே என் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன். தொடவில்லை.

"அண்ணே, அவருக்கு எதிரா போட்டது நான்தான். வீட்டுல சொல்லிட்டேன்."

நான் திடுக்கிட்டவன்போல் நடித்தேன். அடுத்த கணம் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? ஆறுதல் அல்ல. "ஏன்மா போட்டீங்க?"

"பார்வதி எங்கிட்ட வந்து, 'அக்கா, உங்க நிலத்துக்கு என்ன வேணும்?'னு கேட்டுச்சு. இத்தனை வருசமா அவரு எனக்கும் சேர்த்துக் கை தூக்கினாரு. ஒரு தடவகூட கேக்கல லா. அவ்வளவுதாண்ணே."

அவ்வளவுதானா! அந்தப் பதில் கிடைத்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாயிற்று. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மேரி பேசிக்கொண்டே போனார். "அவரு நம்ப மாட்டேங்குறாரு. அந்தோணியக் காப்பாத்த கதை விடுறேனாம். 'நீயாவது எனக்கு எதிரா போடுறதாவது'ன்னு சிரிக்கிறாரு. அண்ணே, டிக் போட்ட கையோட பக்கத்துல சின்னதா ஒரு சிலுவை போட்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்னு. நான் சிலுவை போடுற விதம் அவருக்குத் தெரியும். பால் கணக்கு நோட்டுல இருந்து எல்லாத்துலயும் போடுவேன். அந்தச் சீட்டு மட்டும் இருந்தா, காட்டினா, நம்பிடுவாரு. எரிக்காம ஒண்ணு ரெண்டு தப்பியிருக்குமாண்ணே?"

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அலமாரி ஆறடி தூரம். அந்தச் சிலுவையை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து, இரண்டு எட்டு வைத்து, எடுத்துக் கொடுத்தால் போதும்! அந்தப் பெண்ணே தன் இரகசியத்தைத் துறந்துவிட்ட பிறகு நான் யாருக்காக ஒளிக்க வேண்டும்? சங்கத்துக்காகவா? பெண்களின் நம்பிக்கைக்காகவா? இல்லை... இல்லை! 'எரிச்சேன்னு எழுதினீங்களே அண்ணே' என்று அவர் கேட்டுவிடுவாரே என்பதற்காக. என் பெயருக்காக மட்டும்.

"எல்லாத்தையும் அன்னிக்கே கொளுத்திட்டேன்மா. மினிட்ஸ்ல இருக்கே" என்றேன்.

மேரி ஆறிப்போன தேநீரை எடுத்து, மரியாதைக்காக முழுவதும் குடித்தார்.

"பரவால்லண்ணே. சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கீங்க. உங்கள மாதிரி ஆளு இருக்கறதாலதான் நாங்க பயமில்லாம போட்டோம்."

கணவர் நம்பாத அந்தப் பெண் என்னை நம்பிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எரிக்கவும் மனம் வரவில்லை, ஆரோக்கியத்திடம் எடுத்துப் போகவும் கால் வரவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று எத்தனையோ ஞாயிறு பாலம் கடந்து, அவர் வீட்டைத் தாண்டியே போய் வந்துவிட்டேன்.

போன வாரம் அந்தோணி நிலத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் வெளியூர்க்காரர். சங்கத்திலிருந்து விலகும் கடிதத்தை அந்தோணியே நேரில் கொண்டுவந்து தந்தார், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. விதிப்படி செயலாளர் அதைப் பெற்றுக்கொண்டதாக எழுத வேண்டும்.

பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்திட்டேன்.